என்ன மருந்து வைத்தீர்கள்?

சம்பாப் பயிர் தொண்டைக்கதிரில் நிற்கிற நாட்களில் எங்கள் மன்னார்குடிப் பக்கம் இரண்டு விஷயங்கள் சேர்ந்தே நடக்கும். வயலின் நடுவில் தூர் தூராக, அடித்தண்டு சாய்வாக வெட்டுப்பட்டுப் பயிர் சரிந்து கிடக்கும். அது எலி வெட்டு. அடுத்த சில நாட்களில் வாய்க்கால் கரையிலோ வைக்கோல் போர் ஓரத்திலோ ஒரு நாய் விறைத்துக் கிடக்கும். "எலிக்கு வச்ச மருந்தைத் தின்னுடுச்சு போல" என்று சொல்லிக் குழி தோண்டிப் புதைப்பார்கள். அத்தோடு பேச்சு முடிந்துவிடும்.

அப்படி முடியக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நாய் வளர்ப்பவர்களுக்காக மட்டும் அல்ல, மருந்து வைக்கிறவர்களுக்காகவும் எழுதுகிறேன். கிராமத்தில் பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆள்தான். வயலுக்கு மருந்து கலக்கிறவர் வீட்டுத் திண்ணையிலும் ஒரு நாய் படுத்திருக்கும். ராத்திரி பம்புசெட்டுக்குப் போகும்போது பாம்பு கீம்பு இருந்தால் முன்னால் ஓடிக் குரைத்துச் சொல்வது அதுதான்.

எலியைப் பற்றி முதலில் பேசிவிடுகிறேன். விவசாயியைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி எழுதுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. கரம்பை எலி ஒரு ஈற்றில் ஆறு, எட்டுக் குட்டி போடும். சினைக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்றுக் கூட. கதிர் வரும் நேரத்தில் தின்பதைவிட வெட்டிப் போடுவது அதிகம். கதிர் முற்றிய பிறகு வளைக்குள் இழுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கும். வளையைத் தோண்டி அதிலிருந்து படி படியாக நெல் எடுத்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். கடன் வாங்கி நட்ட பயிர் கண்ணெதிரே வட்டம் வட்டமாகச் சரியும்போது மருந்துக் கடைக்கு ஓடுவதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியாது. என்ன வாங்குகிறோம், எங்கே வைக்கிறோம், யாரிடம் சொல்கிறோம் என்பதில்தான் என் பேச்சு எல்லாம்.

வயலில் அதிகம் புழங்குவது ஜிங்க் பாஸ்பைடு. கருஞ்சாம்பல் நிறப் பொடி, பூண்டு வாடை அடிக்கும். வேளாண் துறை சொல்கிற கணக்கு நூற்றுக்கு 96 பங்கு தானியம், 2 பங்கு எண்ணெய், 2 பங்கு மருந்து. தானியம் என்றால் நொய் அரிசி, பொரி, உடைத்த சோளம், எது கிடைக்கிறதோ அது. பொடி ஒட்டிக்கொள்ள எண்ணெய். இத்தோடு எலியை இழுக்கக் கருவாட்டை வறுத்துப் பொடித்துக் கலப்பவர்களும் உண்டு. ஒரு சாயங்காலம் இதைக் கலக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். பழைய இரும்புச் சட்டியில் நொய்யைக் கொட்டி, தேங்காய் எண்ணெய் விட்டு, குச்சியால் கிளறிக் கிளறி, மேலே கருவாட்டுத் தூளைத் தூவுவார்கள். தெருவே மணக்கும். எங்கிருந்தோ நாலு நாய் வந்து சட்டியைச் சுற்றிக் குந்தியிருக்கும். அந்த மணத்தை எலிக்கு என்று நாம் வைக்கிறோம். அது எலிக்கு மட்டும்தான் என்று நாய்க்கு யார் சொல்வது?

இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. எலி சந்தேகப் பிராணி. புதிதாக ஒன்றைக் கண்டால் கொஞ்சம் கொறித்துப் பார்த்துவிட்டு ஒதுங்கிவிடும். அதற்காக முதல் இரண்டு மூன்று நாட்கள் மருந்து கலக்காத வெறும் பொட்டலத்தை வைத்துப் பழக்கவேண்டும், அப்புறம் மருந்துப் பொட்டலம் வைக்கவேண்டும் என்பது முறை. சரியான முறைதான். ஆனால் அந்த வெறும் பொட்டலம் வரப்பு மேலே வெளியில் கிடந்தால் பழகுவது எலி மட்டும் அல்ல. தாளைப் பிரித்து உள்ளே இருப்பதைத் தின்னலாம், ஒன்றும் ஆகாது என்று ஊர் நாய்களும் சேர்ந்தே பழகிக்கொள்கின்றன. அடுத்த நாள் அதே தாள், அதே மணம், உள்ளே விஷம். "எங்க நாய் ரொம்ப உஷார், கண்டதைத் தின்னாது" என்று சொல்லும் வீட்டு நாயும் மாட்டுவது இப்படித்தான்.

அளவைப் பாருங்கள். ஒரு வளைக்குப் பத்து கிராம் பொட்டலம் ஒன்று வைக்கச் சொல்கிறார்கள். 2 சதவீத மருந்து என்றால் அந்தப் பொட்டலத்தில் 200 மில்லிகிராம் விஷம் இருக்கிறது. நாயின் ஒரு கிலோ எடைக்கு 20 முதல் 40 மில்லிகிராம் உள்ளே போனால் உயிருக்கு ஆபத்து என்று கால்நடை மருத்துவ நூல்கள் சொல்கின்றன. பத்து கிலோ நாய்க்கு ஒரு பொட்டலமே போதும். குட்டியாக இருந்தால் பாதிப் பொட்டலம். இதுவும் அளந்து கலந்தால்தான். நம் ஆட்கள் பெரும்பாலும் கண் அளவில் கொட்டுகிறார்கள். "கொஞ்சம் தூக்கலா போட்டாதான் வேலை செய்யும்" என்பது எல்லா ஊரிலும் கேட்கிற பேச்சு.

வயிற்றுக்குள் போனதும் அங்கே இருக்கும் அமிலத்தோடு சேர்ந்து இந்தப் பொடி பாஸ்பீன் என்ற வாயுவை உண்டாக்குகிறது. நாயைக் கொல்வது அந்த வாயு. சில சமயம் கால் மணி நேரத்தில், பெரும்பாலும் நாலு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கும். வாந்தியில் பூண்டு வாடையோ அழுகிய மீன் வாடையோ வீசும். மூச்சு இரைக்கும், வயிறு ஊதும், கால் தள்ளாடும், பிறகு வலிப்பு. இதற்கு மாற்று மருந்து கிடையாது. மருத்துவர் செய்யக்கூடியது, நேரத்தோடு வந்திருந்தால் வயிற்றைக் காலி செய்வது, அமிலத்தைக் குறைப்பது, குளுக்கோஸ் ஏற்றி உடம்பைத் தாங்கவைப்பது. அவ்வளவுதான்.

பக்கத்துத் தெருவில் எனக்குச் சித்தி முறை ஆகிறவர் வீட்டில் வீரன் என்று ஒரு செவலை நாய் இருந்தது. விடியற்காலை மாட்டுக்கொட்டகை ஓரமாக வாந்தி எடுத்துக்கொண்டு நின்றதைச் சித்திதான் முதலில் பார்த்தார். ஒரு குட்டியானை வண்டியைப் பிடித்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனோம். மேசையில் கிடத்தியதும் டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்ன மருந்து?"

யாருக்கும் தெரியவில்லை. எங்கள் தெரு ஓரத்து வயலில் முந்தின நாள் மருந்து வைத்தது பங்காளி வீட்டு அண்ணன் என்று மட்டும் தெரியும். போன் போட்டேன்.

"அண்ணே, நேத்து வயல்ல என்ன மருந்து வச்சீங்க?"

"எலி மருந்துதான் தம்பி."

"அது தெரியுதுண்ணே. பொடியா, பேஸ்ட்டா, கேக்கா? என்ன கலரு?"

"கடையில தாளுல மடிச்சுக் குடுத்தாங்கப்பா. கருப்பா இருந்துச்சு. கொஞ்சம் குருணையும் சேத்தேன். ஏன், என்னாச்சு?"

கருப்புப் பொடியும் குருணையும். இரண்டும் இரண்டு வேறு விஷம், இரண்டுக்கும் பார்க்கவேண்டிய வைத்தியம் வேறு. டாக்டர் தன்னால் ஆனதை எல்லாம் செய்தார். உச்சிப்பொழுதுக்குள் வீரன் போய்விட்டது. அண்ணன் சாயங்காலம் சித்தி வீட்டு வாசலில் வந்து நின்றார். "நாய் அங்க வரும்னு நெனைக்கலியே சித்தி" என்றார். சித்தி ஒன்றும் சொல்லவில்லை, உள்ளே போய்விட்டார். அந்த இரண்டு வீட்டுக்கும் இன்றுவரை பழைய பேச்சுவார்த்தை இல்லை.

நான் பல முறை யோசித்திருக்கிறேன். அந்தக் காலையில் மருந்தின் பெயர் தெரிந்திருந்தால் வீரன் பிழைத்திருக்குமா? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் முந்தின நாள் சாயங்காலமே "இன்னைக்கு மருந்து வைக்கிறேன், நாயைக் கட்டிப் போடுங்க" என்று ஒரு வார்த்தை வந்திருந்தால் நிச்சயம் பிழைத்திருக்கும். சித்தி வீட்டில் சங்கிலி இருந்தது.

எலி மருந்து என்று நாம் ஒரே பேரில் சொல்வது நாலைந்து விதமான விஷங்களை. ஆட்டுக்கும் மாட்டுக்கும் நாய்க்கும் வைத்தியம் பார்க்கிற டாக்டருக்கு அந்த வேறுபாடுதான் எல்லாம். அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

நீலம், பச்சை, சிவப்பு நிறத்தில் கேக் மாதிரிக் கட்டியாக விற்பது பெரும்பாலும் புரோமடயோலோன். 0.005 சதவீத மருந்துதான் அதில் இருக்கும். இது ரத்தம் உறையாமல் செய்கிற விஷம். நாய் தின்ற அன்று ஒன்றுமே தெரியாது. மறுநாளும் வாலை ஆட்டிக்கொண்டு சோறு தின்னும். மூன்று நாள், ஐந்து நாள் கழித்துத்தான் ஈறு வெளுக்கும், சுருண்டு படுக்கும், மூக்கில் ரத்தம் வரும், மலம் கருப்பாகப் போகும், மூச்சு வாங்கும். உள்ளுக்குள் ரத்தம் கசிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இந்த விஷத்துக்கு நல்ல மாற்று மருந்து இருக்கிறது: விட்டமின் கே 1. கே 3 என்று வேறொன்று கடையில் கிடைக்கும், அது இதற்கு உதவாது. ஊசி போட்டதும் நாய் எழுந்து நடக்கும், நாம் மாத்திரையை நிறுத்திவிடுவோம். நிறுத்தக்கூடாது. மூன்று நாலு வாரம் விடாமல் கொடுக்கவேண்டும், முடித்த இரண்டு நாளில் ரத்தம் உறைகிறதா என்று பரிசோதித்துப் பார்க்கவேண்டும். "என் நாய் கேக்கைத் தின்றதைக் கண்ணால் பார்த்தேன், ஆனால் நன்றாகத்தான் இருக்கிறது" என்று ஒருவர் சொன்னால் அவரைத்தான் முதலில் ஆஸ்பத்திரிக்கு விரட்டவேண்டும். காப்பாற்ற முழு வாய்ப்பு இருக்கிற நேரம் அதுதான். இந்த விஷம் செத்த எலியின் ஈரலில் தங்கும். அந்த எலியைத் தொடர்ந்து தின்கிற நாய்க்கும் பூனைக்கும் ஆந்தைக்கும் அது போய்ச் சேரும்.

குழாயில் வரும் எலி பேஸ்ட் மஞ்சள் பாஸ்பரஸ். தக்காளியிலும் தேங்காய்ச் சில்லிலும் வடையிலும் தடவி வீட்டு மூலையில் வைப்பார்கள். மனிதர்கள் தற்கொலைக்குத் தின்று ஈரல் கெட்டுச் செத்தது ஏராளம் என்பதால் தமிழ்நாடு அரசு இதன் விற்பனைக்குத் தடை போட்டிருக்கிறது. இதைத் தின்ற நாய் வாந்தி எடுக்கும், பிறகு தேறிவிட்டது போலத் தெரியும், சில நாளில் மஞ்சள் காமாலை வந்து விழும். எங்கேயாவது உங்கள் வீட்டு அலமாரியில் பழைய குழாய் கிடந்தால், அதைப் பத்திரமாக அப்புறப்படுத்துங்கள்.

அடுத்தது குருணை. இது எலி மருந்தே அல்ல, பயிரைத் தாக்கும் பூச்சிக்கும் நூற்புழுவுக்கும் போடுகிற மருந்து. கார்போபியூரான், போரேட் என்று வரும். போரேட் 2020 டிசம்பர் 31க்குப் பிறகு இந்தியாவில் விற்கவோ பயன்படுத்தவோ கூடாது. ஆனாலும் பழைய மூட்டையின் அடியில் மிச்சம் இருக்கிற வீடுகள் உண்டு. எலிக்கும் காட்டுப்பன்றிக்கும் கோழி பிடிக்கிற நாய்க்கும் என்று சாப்பாட்டில் கலந்து வைப்பது சட்டப்படி குற்றம், எந்த வேளாண் அதிகாரியும் இதைச் சிபாரிசு செய்யமாட்டார். தின்ற நாய்க்கு வாயில் எச்சில் ஒழுகும், கண்ணீர் வழியும், தன்னை அறியாமல் மூத்திரமும் மலமும் போகும், தசைகள் துடிக்கும், கண்மணி சுருங்கி ஊசிமுனையாகும். நிமிடக் கணக்கில் நடக்கும். ஆனால் இதற்கு அட்ரோபின் என்ற ஊசி இருக்கிறது, பெரும்பாலான கால்நடை மருந்தகங்களில் இருப்பில் இருக்கும். நேரத்தோடு கொண்டுபோனால் பிழைக்கும். மருந்தின் பெயர் தெரிவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இதிலேயே தெரிந்துகொள்ளலாம்.

இப்போது மருந்து வைக்கிறவர்களிடம்.

அண்ணே, மாமா, யாராக இருந்தாலும் சரி: மருந்து கடைசியாக வரட்டும். நம் பக்கத்தில் தஞ்சாவூர் கிட்டி என்று ஒன்று இருக்கிறது. மூங்கிலை வளைத்து நாண் கட்டிய பொறி. சாயங்காலம் வைத்தால் ராத்திரிக்குள் எலி விழும். கிட்டி வைக்கிற ஆட்கள் எலிக்கு இவ்வளவு என்று எண்ணிக் காசு வாங்குவார்கள். நாய்க்கு விஷம் இல்லை, பாம்புக்கும் ஆந்தைக்கும் விஷம் இல்லை. வரப்பை அகலமாக, மேடாக விட்டால் எலி வளை போட வசதி. அதைக் குறுக்கி வெட்டினாலே வளை குறையும். வயலில் ஆங்காங்கே கோட்டான் உட்காரக் கொம்பு நட்டு வையுங்கள். கோடையில் தரிசாகக் கிடக்கும்போது ஊர் மொத்தமும் ஒரே சமயத்தில் வளைகளைத் தோண்டி எலி பிடித்தால் சம்பாவில் பாதித் தொல்லை இருக்காது. ஒருவர் வயலில் மட்டும் மருந்து வைத்து என்ன பயன்? பக்கத்து வயல் எலி அடுத்த வாரம் இங்கே குடிவரும். வேளாண் துறைக்காரர்கள் கூட்டாகச் செய்யுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

அதையும் மீறி மருந்துதான் என்றால், வளைக்குள் வையுங்கள். வரப்பு மேலே வேண்டாம். முதல் நாள் எல்லா வளைகளையும் சேறு வைத்து அடைத்துவிடுங்கள். மறுநாள் எது திறந்திருக்கிறதோ அதில்தான் எலி இருக்கிறது, அந்த வளைக்கு மட்டும் பொட்டலம். மருந்து கலக்காத பழக்கப் பொட்டலத்தையும் இதே மாதிரி வளைக்குள்தான் வைக்கவேண்டும். குச்சியால் ஒரு முழம் உள்ளே தள்ளி வாயைச் சேற்றால் லேசாக மூடுங்கள். வளை இல்லாத இடம், களத்து மேடு, நெல் மூட்டை அடுக்கிய கொட்டகை என்றால் ஒன்றரை அடி நீளப் பிவிசி குழாயையோ மூங்கில் குழாயையோ முளையடித்துக் கட்டி அதன் நடுவில் வையுங்கள். எலி நுழையும், நாயின் மூஞ்சி நுழையாது. சிரட்டையைக் கவிழ்த்து மூடி வைப்பதை நம்பாதீர்கள், நாய் ஒரு தட்டுத் தட்டினால் உருண்டுவிடும்.

கருவாட்டைச் சேர்க்காதீர்கள். நொய்யும் எண்ணெயும் போதும் எலிக்கு. கருவாடு சேர்க்கிற அன்றைக்குத்தான் நாயும் பூனையும் காக்காயும் தேடி வருகின்றன.

எத்தனை பொட்டலம் வைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். விடிந்ததும் போய் எலி தின்னாமல் விட்டதை எல்லாம் எண்ணி எடுத்து, ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். செத்த எலிகளையும் அப்படியே. வாய்க்காலில் எறிந்தால் அடுத்த தெரு நாய்க்குத்தான் அது போகும். கலந்த சட்டியை வீட்டு வாசலில் கழுவி ஊற்றாதீர்கள். கோழி முதலில் சாகும்.

மருந்தைத் தாளில் மடித்து வாங்காதீர்கள். ரசீதோடு, மூடிய டப்பாவாக வாங்குங்கள். டப்பாவின் மேலே இருக்கிற சாய்சதுரத்தில் ஒரு முக்கோணம் நிறத்தில் இருக்கும். சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம், அடுத்தது மஞ்சள், பிறகு நீலம், பச்சை. விஷத்தின் பெயர், விஷம் ஏறினால் தெரியும் அறிகுறி, மாற்று மருந்து உண்டா என்பது எல்லாம் அந்தச் சீட்டில் அச்சடித்திருக்கும். கலப்பதற்கு முன் கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். நாய்க்கு மட்டும் இல்லை, ஒரு குழந்தை தெரியாமல் வாயில் போட்டுக்கொண்டாலும் டாக்டர் கேட்கப்போவது அதே கேள்விதான்.

நாய் வளர்ப்பவர்கள் பக்கம் வருகிறேன். கிராமத்தில் நாயை நாள் முழுக்கக் கட்டிப்போடு என்று சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள், நானும் சொல்லமாட்டேன். ஆனால் மருந்து வைக்கிற அந்த ஒரு வாரம், பத்து நாள், சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை வயல் பார்த்து முடிக்கும்வரை கட்டிப் போடத்தான் வேண்டும். பொட்டலம் பொழுது சாயும்போது வைக்கப்படுகிறது, நாய் சுற்றுவதும் ராத்திரிதான். வயலுக்குக் கூட்டிப்போனே ஆகவேண்டும் என்றால் கூண்டு மாதிரி பின்னிய வாய்க்கூடு போடுங்கள். மூச்சு வாங்கலாம், நாக்கை நீட்டலாம், ஆனால் கீழே கிடப்பதைக் கவ்வ முடியாது. மாட்டுக்கு நாம் போடுவதுதான், நாய் அளவுக்குக் கடையில் கிடைக்கிறது. முதல் நாள் முன்காலால் பிறாண்டும். உள்ளே கொஞ்சம் சோறு வைத்து வீட்டிலேயே போட்டுப் போட்டுப் பழக்கினால் ஏற்றுக்கொள்ளும்.

குட்டியிலிருந்தே இரண்டு பழக்கம். ஒன்று, தட்டில் வைப்பதைத் தவிர வேறெங்கும் தின்னக்கூடாது. மிச்சச் சோற்றைத் தெருவில் வீசி, ஓடிப்போய்த் தின்னப் பழக்கிவிட்டு, பிறகு கண்டதைத் தின்கிறது என்று திட்டிப் பயன் இல்லை. இன்னொன்று, "விடு" என்றால் வாயில் இருப்பதைக் கீழே போடவேண்டும். எலும்பைக் கொடுத்து, "விடு" என்று சொல்லி, விட்டதும் அதைவிட நல்லதாக ஒன்றைக் கொடுங்கள். தினம் செய்தால் நாட்டு நாய் சீக்கிரமே பிடித்துக்கொள்ளும்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு: அடுக்குமாடிக் குடியிருப்பில் கார் நிறுத்தும் இடத்திலும் பாதாளச் சாக்கடை மூடி ஓரத்திலும் கேக் வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. சங்கத்துக்காரர்களிடம் மூடிய பெட்டிக்குள்தான் வைக்கவேண்டும், எங்கெங்கே வைத்தார்கள் என்று அறிவிப்புப் பலகையில் எழுதவேண்டும் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

தின்றுவிட்டது என்று தெரிந்தால் என்ன செய்வது? முதலில் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர், சோப்புத் தண்ணீர், பால், நல்லெண்ணெய், முட்டை வெள்ளைக்கரு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். துடித்துக்கொண்டிருக்கிற நாயின் வாயில் ஊற்றுவது நுரையீரலுக்குள் போகும். உப்பு அதிகமானால் அதுவே விஷம். பாஸ்பரஸ் பேஸ்ட் தின்ற நாய்க்கு எண்ணெயும் பாலும் கொடுத்தால் விஷம் இன்னும் வேகமாக உடம்பில் ஏறும். ஜிங்க் பாஸ்பைடு தின்ற நாய்க்குச் சோறு வைத்தால் வயிற்றில் அமிலம் கூடி வாயுவும் கூடும். நல்ல எண்ணத்தில்தான் எல்லோரும் சொல்கிறார்கள், ஆனால் மறுத்துவிடுங்கள். வாந்தி எடுக்கவைப்பதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

வண்டியில் ஏற்றினால் கண்ணாடியை இறக்கி வையுங்கள், ஆட்டோவில் திரைச்சீலையைச் சுருட்டிவிடுங்கள். ஜிங்க் பாஸ்பைடு தின்ற நாயின் வாந்தியிலிருந்து வருகிற பாஸ்பீன் நமக்கும் விஷம், மூடிய வண்டிக்குள் தலை சுற்றும், நெஞ்சு அடைக்கும். வீட்டில் எடுத்த வாந்தியின் மேல் மண்ணைப் போட்டு மூடி, மற்ற நாய்களை அண்டவிடாதீர்கள். போகும்போது கிழிந்த பொட்டலத் தாள், டப்பா, மிச்சப் பொடி எது கிடைத்தாலும் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். வண்டியில் இருக்கும்போதே மருந்து வைத்தவருக்குப் போன் போடுங்கள். சண்டை போட அல்ல. பெயர் கேட்க.

வண்டி கிடைக்கவில்லை என்றால் 1962க்கு அழையுங்கள். கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தி சேவை அது, கட்டணம் இல்லாத எண். எங்கள் பக்கத்துக்காரர்களுக்குப் பெரிய சிகிச்சை வேண்டுமென்றால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் விஷம் என்றால் முதலில் பக்கத்தில் இருக்கிற மருந்தகம், பிறகுதான் மற்றது.

வேண்டுமென்றே நாய்க்கு விஷம் வைப்பவர்களைப் பற்றி அதிகம் எழுத எனக்கு மனம் இல்லை. விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960ஆம் ஆண்டு வந்தது. அதன்படி முதல் தடவைக்கு அபராதம் அதிகபட்சம் 50 ரூபாய்தான் என்பதால் பலருக்கும் பயம் இல்லை. ஆனால் 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆவது பிரிவு வேறு. ஒரு விலங்கை விஷம் வைத்துக் கொன்றால் ஐந்து ஆண்டு வரை சிறை. அப்படி ஒரு சந்தேகம் இருந்தால் உடலைப் புதைப்பதற்கு முன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை கேளுங்கள். புதைத்த பிறகு எதையும் நிரூபிப்பது கஷ்டம். எலிக்கு வைத்தது தவறிப்போய் நாய் தின்றதையும் இதையும் ஒன்றாக்கிப் பேசாதீர்கள். முதலாவதைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம், பேசினால் நடக்காமலே தடுத்தும்விடலாம்.

எங்கள் ஊரில் இப்போது பால் சொசைட்டிச் சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கிறோம். காலையிலும் சாயங்காலமும் பால் ஊற்ற எல்லாத் தெருக்காரர்களும் வந்து போகிற இடம் அதுதான். மருந்து வைக்கிறவர் வயல் இருக்கும் இடம், தேதி, மருந்தின் பெயர், எப்போது எடுப்பார் என்று எழுதிப்போட வேண்டும். அதே தகவல் ஊர் வாட்ஸ்அப் குழுவிலும் டப்பா படத்தோடு போகும். ஆரம்பத்தில் "எலிக்கு மருந்து வைக்க ஊருக்கெல்லாம் சொல்லணுமா?" என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. பலகையில் முதலில் எழுதியது அந்தப் பங்காளி வீட்டு அண்ணன்தான். எல்லோரும் எழுதுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் எழுதுகிற வயல்களின் பக்கத்து வீடுகளில் அன்று சங்கிலிச் சத்தம் கேட்கிறது.

உங்கள் ஊரிலும் இதைச் செய்யுங்கள். கரும்பலகை இல்லாவிட்டால் டீக்கடைச் சுவர், கோயில் மைக், எதுவானாலும் சரி. கார்த்திகை பிறப்பதற்குள் ஒரு முறை எல்லோரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள். 1962 என்ற எண்ணை இப்போதே கைப்பேசியில் பதிந்து வையுங்கள். பக்கத்து வயல்காரர் சட்டியில் நொய்யைக் கிளறுவதைப் பார்த்தால் கூச்சப்படாமல் நின்று கேளுங்கள்: என்ன மருந்து, எந்த வயல், எப்போது எடுப்பீர்கள்? கேட்டுவிட்டு, நாயைக் கட்டுங்கள்.